பன்னிரண்டு எண்கள் போதும்!



மின்வெட்டு நேரத்தில் சில வீடுகளில் மின்விசிறி உறுமிக்கொண்டே சுழல்வதைக் கேட்டிருப்பீர்கள். சற்று முன்பு வரை சத்தமில்லாமல் சுழன்ற அதே விசிறிதான். விலை குறைந்த சில இன்வர்ட்டர்களுக்கு மாறியதும் அது உறுமத் தொடங்குகிறது. விசிறியில் கோளாறு ஏதும் இல்லை. அதற்குள் பாயும் மின்சாரத்தின் வடிவம்தான் மாறிவிட்டது.

மின்வாரியம் தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய சைன் அலை வடிவில் வளைந்து ஏறி, வளைந்து இறங்கும். வினாடிக்கு 50 முறை இது நடக்கிறது. மலிவான இன்வர்ட்டரிலும் வினாடிக்கு 50 முறைதான். ஆனால் அங்கே மின்னழுத்தம் வளைவதில்லை. சட்டென்று மேலே தாவி அப்படியே நிற்கிறது. பிறகு சட்டென்று கீழே விழுந்து அப்படியே நிற்கிறது. வரைபடத் தாளில் வரைந்தால் கோட்டை மதில் போலத் தெரியும். இதற்குச் சதுர அலை என்று பெயர்.

இந்தச் சதுர அலைக்குள் 50 ஹெர்ட்ஸ் சைன் அலை மட்டும் இல்லை. 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று மேலும் பல சைன் அலைகள் ஒளிந்திருக்கின்றன. விசிறியைச் சுழற்றுவதற்கு அவை உதவுவதில்லை. அதன் கம்பிச் சுருள்களைச் சூடாக்குகின்றன, உறுமச் செய்கின்றன.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது அல்லவா? எந்தெந்த அலை எவ்வளவு எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த 'எவ்வளவு' என்பதைத்தான் ஃபூரியர் தொடரின் கெழுக்கள் என்கிறோம்.

கெழுக்களைக் காணும் முறையை நாம் பெரும்பாலும் கல்லூரியில்தான் கற்றுத் தருகிறோம். அதுவும் தொகை நுண்கணிதம் முடிந்த பிறகு, ஒரு நீண்ட சூத்திரமாகத் தருகிறோம். இது தேவையற்ற தாமதம் என்பது என் கருத்து. 30 பாகையின் சைன் மதிப்பு தெரிந்த எந்த உயர்நிலைப் பள்ளி மாணவரும் ஃபூரியர் கெழுவைக் கையால் கண்டுபிடிக்க முடியும். அது மட்டுமல்ல, முதலில் அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். என் வகுப்புக்கு வருபவர்கள் சூத்திரத்தைப் பிழையின்றி எழுதுகிறார்கள். "ஏன் சைனால் பெருக்குகிறீர்கள்? எதற்காக முடிவில் இரட்டிக்கிறீர்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. குற்றம் அவர்களுடையது அன்று. கணக்கைப் போட்டுப் பார்க்கும் முன்பே அதன் சுருக்கத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டோம்.

ஃபூரியர் சொன்னது என்ன?

ஜோசப் ஃபூரியர் 1768ஆம் ஆண்டு பிரான்சில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். 1807இல் பாரிஸ் அறிவியல் அறிஞர்கள் முன் தம் கட்டுரையை வைத்தார். திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும் எந்த அலையையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்பது அதிலிருந்த துணிச்சலான கருத்து. கணித மேதை லக்ராஞ்சு இதை ஏற்கவில்லை. கூர்மையான மூலைகள் உள்ள வடிவத்தை வழவழப்பான அலைகளால் எப்படிக் கட்ட முடியும் என்ற ஐயம் அக்காலத்தில் இயல்பானதே. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1822இல்தான் ஃபூரியரின் வெப்பக் கோட்பாடு நூலாக வெளிவந்தது.

எந்த வடிவங்களுக்கு இக்கருத்து பொருந்தும், எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பின்வந்த கணித அறிஞர்கள் துல்லியமாக வரையறுத்தார்கள். நாம் அன்றாடம் அளக்கும் அலைகளைப் பொறுத்தவரை கவலை இல்லை. ஒரு சராசரி மதிப்பு, அதனுடன் ஓர் அடிப்படை அலை, அதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் அதிரும் அலைகள் என்று கூட்டிக்கொண்டே போகலாம். இரு மடங்கு அதிர்வெண் கொண்டதை இரண்டாம் சீரிசை என்றும், மும்மடங்கு கொண்டதை மூன்றாம் சீரிசை என்றும் சொல்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு சைன் பகுதியும் ஒரு கொசைன் பகுதியும் உண்டு. ஒவ்வொரு பகுதியின் அளவும் ஒரு கெழு.

பெருக்கு, சராசரி எடு

கலந்து கிடக்கும் அலைகளில் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் ஆடும் தாளத்திலேயே நீங்கள் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் ஆட்டத்துக்கு உதவும். வேறு தாளத்தில் தள்ளினால் சில தள்ளல்கள் உதவும், சில தடுக்கும். நெடுநேரம் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

அலைகளும் அப்படியே. உங்களிடம் உள்ள அலையை, நீங்கள் தேடும் சைன் அலையால் புள்ளிக்குப் புள்ளி பெருக்குங்கள். பிறகு ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுங்கள். தேடிய அலை உள்ளே இருந்தால் அது மட்டும் மிஞ்சும். மற்றவை ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிடும்.

நம்ப வேண்டாம், போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றை 30 பாகை வீதம் 12 ஆகப் பிரியுங்கள். கோணத்தின் சைனையும் அதன் இருமடங்குக் கோணத்தின் சைனையும் பெருக்குங்கள். 30 பாகையில் 0.433 வரும். 60இல் 0.75, 90இல் பூச்சியம், 120இல் −0.75, 150இல் −0.433. கூட்டினால் பூச்சியம். மீதி அரைச் சுற்றிலும் இதே கதைதான்.

இனி ஒரு சைனை அதே சைனால் பெருக்குவோம். சைன் வர்க்கம் கிடைக்கும். அதன் சராசரி என்ன? சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு முழுச் சுற்றில் இரண்டுக்கும் சராசரி ஒன்றேதான். ஏனெனில் கொசைன் என்பது 90 பாகை நகர்த்தி வைத்த சைனே. ஆகவே ஒவ்வொன்றின் சராசரியும் சரிபாதி. இதனால்தான் கிடைத்த சராசரியை முடிவில் இரட்டிக்கிறோம். சூத்திரத்தில் மாணவர்களைத் திகைக்க வைக்கும் அந்த 2 வந்த வழி இவ்வளவுதான்.

12 புள்ளிகள் எடுத்தால் சராசரிக்காக 12ஆல் வகுத்து, பிறகு 2ஆல் பெருக்க வேண்டும். அதாவது, பெருக்கற்பலன்களைக் கூட்டி 6ஆல் வகுத்தால் கெழு கிடைத்துவிடும்.

காஸ் போட்ட கணக்கு

இது பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிமையாக்கப்பட்ட வழி என்று நினைத்துவிடாதீர்கள். ஃபூரியர் தம் கட்டுரையை அளிப்பதற்கு முன்பே, 1805 வாக்கில், ஜெர்மானியக் கணித மேதை காஸ் இதே 12 புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

1802இல் ஓல்பர்ஸ் என்பவர் பல்லாஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் இருப்பு தொடர்பான ஒரு பட்டியலைக் காஸ் எடுத்துக்கொண்டார். வானத்தைச் சுற்றி 30 பாகைக்கு ஒன்றாக 12 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் வான நடுவரையிலிருந்து எத்தனை கலை விலக்கம் என்ற எண். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை. அந்த எண்கள் இவை:

0 பாகை: 408
30 பாகை: 89
60 பாகை: −66
90 பாகை: 10
120 பாகை: 338
150 பாகை: 807
180 பாகை: 1238
210 பாகை: 1511
240 பாகை: 1583
270 பாகை: 1462
300 பாகை: 1183
330 பாகை: 804

360 பாகை சுற்றி வந்தால் மறுபடியும் 408தான். ஆகவே இது திரும்பத் திரும்ப வரும் ஓர் அலை.

முதலில் சராசரி. பன்னிரண்டையும் கூட்டினால் 9367. 12ஆல் வகுத்தால் 780.6.

அடுத்து, முதல் சைன் கெழு. ஒவ்வோர் எண்ணையும் அதன் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். பேனாவை எடுத்து இரண்டு மூன்று வரிகள் எழுதியதுமே உங்களுக்கு ஒன்று உறைக்கும். 210 பாகையின் சைன், 30 பாகையின் சைனுக்கு நேர் எதிர்க்குறி. 240க்கும் 60க்கும், 270க்கும் 90க்கும் அதே உறவு. அப்படியிருக்க, ஏன் தனித்தனியே பெருக்க வேண்டும்? எதிரெதிரே உள்ள இரண்டு எண்களை முதலிலேயே கழித்துவிட்டால் ஒரு பெருக்கல் போதுமே!

கழித்துப் பார்ப்போம். 408இலிருந்து 1238 போக −830. இப்படியே அடுத்தடுத்துச் செய்தால் −1422, −1649, −1452, −845, 3. பன்னிரண்டு எண்கள் ஆறாகிவிட்டன.

இன்னும் சுருக்கலாம். 30க்கும் 150க்கும் சைன் மதிப்பு 0.5. ஆகவே −1422உடன் 3ஐக் கூட்டி 0.5ஆல் பெருக்குங்கள்: −709.5. 60க்கும் 120க்கும் 0.866. ஆகவே −1649உடன் −845ஐக் கூட்டி 0.866ஆல் பெருக்குங்கள்: −2159.8. 90க்கு 1, அது −1452. மூன்றையும் கூட்டினால் −4321.3. 6ஆல் வகுத்தால் −720.2. இதுவே முதல் சைன் கெழு. இதே வழியில் முதல் கொசைன் கெழு −411.0 என்று வரும்.

இரண்டாம் சீரிசைக்கு எதிரெதிர் எண்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். ஏனெனில் கோணம் இரட்டிப்பதால் 180 பாகை நகர்வு 360 ஆகிவிடுகிறது, குறி மாறுவதில்லை. அதன் கொசைன் கெழு 43.4, சைன் கெழு −2.2. அதற்கு மேலுள்ள கெழுக்கள் எல்லாம் 6க்கும் குறைவானவை.

சரிபார்க்க வேண்டுமா? 0 பாகையில் எல்லாச் சைன்களும் பூச்சியம், எல்லாக் கொசைன்களும் 1. ஆகவே 780.6 − 411.0 + 43.4 = 413.0. பட்டியலில் இருப்பது 408. மூன்றே எண்களைக் கொண்டு இவ்வளவு அருகில் வந்துவிட்டோம்!

கை கற்றுத்தந்த குறுக்குவழி

மேலே நாம் எதிரெதிர் எண்களைச் சேர்த்துப் பெருக்கல்களைக் குறைத்தோம் அல்லவா? காஸ் இதை இன்னும் முறையாகச் செய்தார். 12 எண்களை நான்கு நான்காக மூன்று குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் தனியே கணக்கிட்டு, பிறகு இணைத்தார். இம்முறை கணக்கிடும் சலிப்பை வெகுவாகக் குறைக்கிறது என்பதையும் கண்டுகொண்டார். ஆனால் அவர் இதைத் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. அவர் 1855இல் மறைந்தார். 1866இல்தான் அது அச்சேறியது.

1965இல் அமெரிக்காவில் கூலி, டுக்கி என்ற இருவர் இதே கருத்தைத் தாங்களாகவே கண்டு, கணிப்பொறிக்கு ஏற்றவாறு வெளியிட்டார்கள். விரைவு ஃபூரியர் உருமாற்றம் என்று இன்று புகழ்பெற்றிருக்கும் முறை இதுவே. 1024 புள்ளிகள் கொண்ட அலைக்கு நேர்வழியில் சுமார் 10 லட்சம் பெருக்கல்கள் தேவை. இம்முறையில் சுமார் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவியிலும் இடைவிடாது நடப்பது இக்குறுக்குவழியில் போடப்படும் கணக்கே.

இங்கே நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று. ஒரே எண்ணால் ஏன் மீண்டும் மீண்டும் பெருக்குகிறோம் என்ற சலிப்பு, கையால் கணக்குப் போடுபவருக்கே வரும். அந்தச் சலிப்பிலிருந்தே குறுக்குவழி பிறக்கிறது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்தச் சலிப்பும் இல்லை, அதன் பரிசும் இல்லை.

இரண்டு மறுப்புகள்

"தொகையிடல் தெரியாமல் ஃபூரியர் கற்பது அரைகுறை அறிவு அல்லவா?" என்று ஆசிரியர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 12 புள்ளிகள் உண்மையில் ஒரு தோராயமே. சதுர அலையையே எடுத்துக்கொள்வோம். அதன் மேல்மட்டம் 1, கீழ்மட்டம் −1. தாவும் இடங்களான 0, 180 பாகைகளில் மதிப்பைப் பூச்சியம் எனக் கொள்வோம். 12 புள்ளிகளில் முதல் சைன் கெழு 1.244 என்று வருகிறது. 24 புள்ளிகள் எடுத்தால் 1.266. 48 எடுத்தால் 1.271. புள்ளிகளைப் பெருக்கிக்கொண்டே போனால் இது எங்கே போய் நிற்கும்? 1.273இல். அதாவது 4ஐப் பை மதிப்பால் வகுத்தால் வரும் எண். வட்டமே இல்லாத சதுர அலைக் கணக்கில் பை தானாக வந்து நிற்கிறது!

புள்ளிகளை முடிவின்றி நெருக்கிக்கொண்டு போவதைத்தான் தொகையிடல் என்கிறோம். தொகையீட்டுக் குறியே 'கூட்டல்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதியதுதான். 12, 24, 48 என்று கூட்டிப் பார்த்தவருக்கு அந்தக் குறி வந்த காரணம் விளங்கும். ஆகவே இது அரைகுறை அறிவு அன்று. தொகையிடலுக்கு ஏறிச்செல்லும் படிக்கட்டு.

"கணிப்பொறி ஒரு நொடியில் சொல்லிவிடுமே, கையால் ஏன்?" என்பது மாணவர்களின் கேள்வி. இதற்கு விடை சற்று எச்சரிக்கையானது. கணிப்பொறியும் முழு வளைவைப் பார்ப்பதில்லை. அளந்து தரப்பட்ட அலை என்றால், அதுவும் நம்மைப் போலவே சில புள்ளிகளில் உள்ள எண்களை எடுத்துப் பெருக்கிக் கூட்டுகிறது. ஆகவே நம் தவறு அதற்கும் வரும்.

அதே சதுர அலையின் ஐந்தாம் சீரிசையை 12 புள்ளிகளில் கண்டுபிடியுங்கள். 0.089 என்று வரும். உண்மை மதிப்பு 0.255. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அகப்பட்டிருக்கிறது! ஏன்? 30 பாகையின் 11 மடங்கு 330 பாகை. அதன் சைன் −0.5. 30 பாகையின் சைனோ 0.5. 12 புள்ளிகளை மட்டும் பார்ப்பவருக்குப் பதினோராம் சீரிசை, குறி மாறிய முதல் சீரிசை போலவே தோன்றும். அவ்வாறே ஏழாம் சீரிசை ஐந்தாவதைப் போல மாறுவேடம் பூண்டு வந்து, அதன் கணக்கைக் கெடுக்கிறது.

இந்த மாறுவேடத்துக்கு இடம் கொடாமல் இருக்க, அலையில் உள்ள மிக வேகமான பகுதியின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டுக்கு மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். நம் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதனால்தான் இசைத்தட்டான சி.டி.யில் வினாடிக்கு 44,100 புள்ளிகள் பதிவாகின்றன. அந்த எண் இருமடங்குக்குச் சற்று மேலே இருப்பதைக் கவனித்தீர்களா?

கணிப்பொறி 0.089 என்று அச்சிட்டுத் தரும்போது "இது மாறுவேடம்" என்று எச்சரிக்காது. இன்வர்ட்டரைச் சோதிக்கும் பொறியாளர் அதை நம்பினால் விசிறி உறுமும்; அவ்வளவே. இதயத்துடிப்பின் அலையையோ பாலத்தின் அதிர்வையோ ஆராய்பவர் இப்படி ஏமாந்தால் விளைவு வேறு. கருவியை நம்பலாம், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து நம்ப வேண்டும். அதற்கு ஒருமுறையாவது அந்த வேலையை நம் கையால் செய்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: முக்கோணவியல் அட்டவணையை முடித்ததும் ஒரே ஒரு வகுப்பு நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். உயரமும் தூரமும் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே சைன் என்று நினைக்கும் மாணவருக்கு அது ஒரு புதிய வாசலாக இருக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், நண்பர்களே. காஸின் 12 எண்களை எடுத்துக்கொண்டு மூன்றாம் சீரிசையின் இரண்டு கெழுக்களைக் கண்டுபிடியுங்கள். மேலே எடுத்த ஆறு வித்தியாசங்களே போதும். கோணத்தை மூன்றால் பெருக்கினால் சைன், கொசைன் மதிப்புகள் 0, 1, −1 ஆகிய மூன்றில் ஒன்றாகவே வரும். ஆகவே பெருக்கலே இல்லை. கொசைன் கெழு −4.3, சைன் கெழு 5.5 என்று வந்தால் உங்கள் கணக்கு சரி.